அண்ணாமலை உடைத்த சட்டி

1. டோலியில் வந்தவள்

யுத்த காலம். அரூர்ப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரு மத்தியானம் சித்தேரி மலையிலிருந்து நாலு பேர் டோலி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் வெள்ளச்சி. பக்கத்தில் பச்சைக்குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு மலைக்காய்ச்சல். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு அவள் புருஷன் அண்ணாமலையிடம் கறாராகச் சொன்னார். "கொயினா மருந்து நான் குடுக்கறேன். ஆனா வேளா வேளைக்கு அவ வயித்துல கஞ்சி எறங்கணும். ஒரு மாசம் இங்கதான் இருக்கணும். இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா பொழைக்க மாட்டா."

"இருக்கறமுங்க" என்றார் அண்ணாமலை.

எங்கள் ஆஸ்பத்திரியில் சமையலறை கிடையாது. நோயாளியோடு வந்தவர்கள் புளியமரத்தடியில் மூன்று கல் கூட்டி அவரவரே ஆக்கிக்கொள்வார்கள். அண்ணாமலையும் ஒரு மண்சட்டியும் ஒரு மூட்டைச் சாமையும் கொண்டு வந்திருந்தார். மலையிலும் மழை பொய்த்த வருஷம் அது. மூட்டை சீக்கிரமே காலியாகிவிட்டது.

2. கோழிச்சாறு

எங்கள் சபையின் உபதேசியார் சாமுவேல் நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். மரத்தடி அடுப்பில் புகை வராததைக் கவனித்தவர், வீட்டில் இருந்த ஒரே கோழியை அடிக்கச் சொல்லிவிட்டார். சாறும் சோறுமாகத் தூக்கு நிறைய எடுத்து வந்தார். அண்ணாமலை கிணற்றடிக்குப் போயிருந்தார். ஆறிவிடப்போகிறதே என்று, கழுவிக் கவிழ்த்திருந்த அவருடைய மண்சட்டியை நிமிர்த்தி, எல்லாவற்றையும் அதிலேயே ஊற்றி மூடி வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

அண்ணாமலை வந்து மூடியைத் திறந்தார். சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். சட்டி உடைகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து டோலிக் கம்பை எடுத்தார்.

"நாங்க கெளம்பறமுங்க, நர்சம்மா."

எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே வெள்ளச்சிக்கு அப்போதுதான் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது.

உபதேசியாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நம்ம சோறு என்ன வெஷமா? எம் பிள்ளைங்களுக்குக் கூடக் குடுக்காம கொண்டாந்தேன். தூக்கிப் போட்டு ஒடைக்கறான் பாரு!"

அவர் மனைவி மரியாள் தூக்கை எடுத்துப்போக வந்திருந்தவர். அவர்தான் அண்ணாமலையிடம் நேராகக் கேட்டார். "ஏனுங்க கவுண்டரே, எதுக்கு ஒடச்சீங்க? சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?"

அண்ணாமலை தரையைப் பார்த்தபடி சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. கீழூர்க்காரங்க ஆக்குன சோத்த நாங்க தின்னா எங்கூர்ல எங்களச் சேக்க மாட்டாங்க. அந்தச் சோறு விழுந்த சட்டியும் எங்களுக்கு ஆவாது. தானியமும் இல்ல, சட்டியும் இல்ல. இங்க இருந்து என்னங்க பண்றது?"

மரியாள் புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? உங்க கோழிச்சாறு அவங்க அடுப்பையே அணைச்சுப்புடுச்சு. இப்ப உங்க ரோசம் பெருசா, உள்ள படுத்திருக்கறவ உசுரு பெருசா?"

3. பிடிராகி

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பிடி ராகியைத் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். உபதேசியார் குடும்பத்துக்கு அதுதான் சாப்பாடு. வேறு வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

உபதேசியார் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது தோளில் அந்த ராகி மூட்டை, கையில் குயவர் வீட்டுப் புதுச்சட்டி. இரண்டையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார்.

"பச்சைத் தானியமுங்க. சட்டியில இன்னும் தண்ணிகூடப் படல. நீங்களே ஆக்குங்க. நான் கிட்டயே வரமாட்டேன்."

அண்ணாமலை ராகியை அள்ளிப் பார்த்தார். "அரைக்கணுமே?"

"எங்க ஏந்திரத்துல அரைச்சா ஆவுமா?" என்றார் மரியாள்.

"கல்லுக்கு ஒன்னுமில்லீங்க, கழுவிக்கறேன்" என்றார். கம்பைக் கீழே போட்டார். அப்பாடா என்று நான் உள்ளே ஓடினேன்.

அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மூட்டை மரத்தடிக்குத்தான் போனது. உபதேசியார் வீட்டில் முருங்கைக்கீரையும் புளித்தண்ணியும். பிள்ளைகள் முகம் வாடியிருந்ததைப் பார்த்து நான் கேட்டேவிட்டேன். மரியாள் என் வாயைப் பொத்தாத குறை. "சபையில யாருகிட்டயும் மூச்சு வுட்றாத. ஆண்டவருக்குத் தெரியும், போதும்."

வெள்ளச்சி தன் காலால் நடந்து மலையேறினாள்.

4. தை மாசம்

அடுத்த தையில் இருவரும் இறங்கி வந்தார்கள். வெள்ளச்சியின் இடுப்பில் குழந்தை, கொழுகொழுவென்று. அண்ணாமலை நேரே உபதேசியார் வாசலுக்குப் போய்த் தினை மூட்டையும் சுரைக்குடுக்கை நிறையத் தேனும் இறக்கினார்.

"ஆக்கிக் கொண்டாரலாம்னுதான் இவ சொன்னா. நான்தான் வேணாமுன்னுட்டேன். நாங்க ஆக்குனத நீங்க சாப்புடுவீங்களோ என்னமோ, உங்க வழக்கம் எப்பிடின்னு கேக்காம எப்பிடிங்க கொண்டாரது?"

உபதேசியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "எங்க வழக்கத்துல தடையே இல்லீங்க. உங்க கையாலயே ஆக்கிப் போடுங்க, வயிறு முட்டச் சாப்புடறேன்."

அதே மரத்தடியில் வெள்ளச்சி தினைப்பொங்கல் வைத்தாள். உபதேசியார் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான்.

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடுக்க மனசு இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவரிடம் முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டதை அண்ணாமலை கேட்டார். பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் என் அலமாரியில் தண்ணீர் படாத புதுச்சட்டி ஒன்று இருந்தது.