யோகலட்சுமி சிஸ்டர் குறைத்த பதினோரு மாதம்

சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் யோகலட்சுமி பத்தொன்பது வருஷமாக நர்ஸ். ஊசி போடுகிற கை பூப்போல இருக்கும், வாய் அப்படியில்லை. தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள் பிள்ளையின் வயதைச் சொல்ல இழுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு வயசு, ஆதாருக்கு ஒரு வயசு வச்சிருப்பிய. உடம்புக்கு எந்த வயசும்மா?"

அவளுடைய அக்கா கனகலட்சுமி நாற்பத்தோரு வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். அதனால் அந்த நோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி முகாம் என்றதும், தன் மகள் கோமதியைத்தான் முதல் ஆளாக நிறுத்தினாள். அந்த முகாமில் பதினைந்து வயதுக்குள் தொடங்கினால் இரண்டு ஊசி, தாண்டினால் மூன்று. சின்ன வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை அள்ளிக் கொடுக்கும், வயது ஏற ஏற அந்த அள்ளிக் கொடுக்கிற கை கொஞ்சம் இறுகும் என்று டாக்டர் ஞானபூரணம் சொல்லியிருந்தார். சர்டிபிகேட்படி கோமதிக்குப் பதினாலரை. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசியும் போட்டாயிற்று.

மறு மாதம் மகளின் பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் யோகலட்சுமிக்கு உறைத்தது. அது பதினாறாவது பிறந்தநாள். முதல் ஊசி அன்றே அவளுக்குப் பதினைந்து தாண்டியிருந்தது.

பள்ளியில் சேர்க்கும்போது பதினோரு மாதம் குறைத்துக் கொடுத்திருந்தாள். பின்னால் அரசு வேலைக்கு வயது இடிக்கக் கூடாது என்ற முன்யோசனை. ஊரில் நிறையப் பேர் செய்ததுதான். எல்லா பாரத்திலும் அந்தத் தேதியையே எழுதிப் பழகிய கை, முகாம் பதிவேட்டிலும் அதையே எழுதிவிட்டது.

அடுத்த மூன்று நாளும் அக்காவின் கடைசி மாதங்கள் கண்முன் வந்தன. வெளியே சொன்னால், இத்தனை வருஷம் ஊருக்கு உபதேசம் செய்த மூஞ்சியை எங்கே வைப்பது? அந்த வெட்கமும் பெரிதாகத்தான் இருந்தது. நாலாம் நாள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "கோமதிக்கு மூணாவது ஊசி போட்டுரலாம், பயப்படாதீங்க. ஆனா நீங்களே இப்படின்னா, நம்ம பதிவேட்டுல இன்னும் எத்தன பேரு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்பு முகாமுக்கு வந்திருந்த தாய்மார்களை மருத்துவமனை ஹாலில் கூட்டினார்கள். யோகலட்சுமி எழுந்து, சர்டிபிகேட்டை விட்டுவிட்டுப் பிள்ளை பிறந்த தேதியைச் சொல்லச் சொன்னாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி, நான் சொல்லுதேன். எம்பிள்ளைக்குப் பதினோரு மாசம் கொறச்சுக் குடுத்தேன். அவளுக்கு மூணு ஊசி போடணும், ரெண்டுதான் போட்டிருக்கு. தப்பு என்மேலதான்."

விசைத்தறிக்கு வேலைக்குப் போகும் ருக்ஸானா எழுந்தாள்.

"முத ஊசி அன்னைக்கே எம்மவ ஹாலிதாவுக்குப் பதினஞ்சு முடிஞ்சுட்டு சிஸ்டர். அன்னைக்கே சொல்லணும்னுதான் வந்தேன். எனக்கு முன்னால நின்னவள நீங்க ஏசுனதப் பாத்துட்டு, பேசாம சர்டிபிகேட்ட நீட்டிட்டேன்."

யோகலட்சுமி பதிவேட்டைத் திறந்து, ஹாலிதாவின் பெயருக்கு நேரே, போட வேண்டிய ஊசி இரண்டு என்றிருந்ததை அடித்து மூன்று என்று எழுதினாள்.

அடுத்து நாலு பேர் எழுந்தார்கள். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, மெதுவான குரலில் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.