ஏழாம் எண் களஞ்சியம்

ஆர்லிஸ் பிரெக்கஸின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டத் தெரியாது. எங்கள் ஊரின் ஒரே தபால் பெட்டியை இரண்டு முறை சாய்த்தவள். அவள் போடும் காபி பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். தேவாலயத்தில் பாட்டு ஒரு பக்கம் போகும், அவள் குரல் இன்னொரு பக்கம் போகும். என் ஏணியை இரவல் வாங்கிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

குறையை முதலில் சொல்வது எங்கள் வழக்கம். அமெரிக்காவில், வடகிழக்கு மொன்டானாவில் எங்கள் ஊர் நோர்லியைச் சுற்றி இருக்கிற எல்லோருமே நார்வேயிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். ஒருத்தி விருந்துக்கு ஆப்பிள் பை வைத்தால், கூடவே "அடி கொஞ்சம் பிடிச்சிடுச்சு" என்று சொல்லித்தான் வைப்பாள். அடி பிடித்தே இருக்காது. மாடு விற்கப் போகிறவன் நொண்டி மாட்டைத்தான் முதலில் அவிழ்த்துக் காட்டுவான். தன் பொருளைத் தானே புகழ்கிறவனை நாங்கள் நம்புவதில்லை. இந்த வழக்கத்தால் எங்கள் மாவட்டமே ஒரு தடவை மண்ணைக் கவ்வப் பார்த்தது.

ஆர்லிஸும் நானும் ஒரே வகுப்பு. அவள் அப்பாவின் நிலம் முழுக்க அண்ணனுக்குப் போனது. இவள் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினோரு வருஷம் கரண்டி பிடித்தாள். பிறகு எங்கள் கூட்டுறவுத் தானிய ஆலையில் எடைமேடைக்கு வந்தாள், கடைசியில் அதன் மேலாளரானாள். அப்போதெல்லாம் நாங்கள் ஒரு வருஷம் கோதுமை விதைத்தால் மறு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போடுவோம். அந்தத் தரிசில் மசூர்ப் பயறு போடுங்கள், இந்தியாக்காரர்கள் தினம் தின்கிறார்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாங்கள் சிரித்தோம். என் வாழ்நாளில் அந்தப் பயறை நான் தின்றதே இல்லை. ஆனாலும் விதைத்தேன், ஏனென்றால் அவள் மூன்றாம் முறையும் வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். இருபது வருஷம் அந்தப் பயறு எங்களை நன்றாகவே வைத்திருந்தது.

நாங்கள் மண்ணைக் கவ்வப் பார்த்த அந்த வருஷம் அறுவடை முடிந்து களஞ்சியமெல்லாம் நிறைந்திருந்த நேரத்தில், நவம்பரில், இந்தியா பயறுக்கு இறக்குமதி வரி போட்டது. இன்று அறிவிப்பு, இன்றே அமல். அவர்கள் நாட்டிலும் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி விலை படுத்துவிட்டது; தங்கள் விவசாயியைக் காப்பாற்றப் போட்டார்கள். அங்கே நான் மந்திரியாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நான் மந்திரி இல்லை. முப்பத்து நான்கு குடும்பங்களின் பயறு ஆலையின் எட்டுத் தகரக் களஞ்சியங்களில் கிடந்தது. இரண்டே வாரத்தில் வாங்குவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆர்லிஸை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். காலையில் காபிக்குக் காசு யார் தருவது என்று ஆலையில் அவளோடு பகடை உருட்டுவோம். அந்த மேஜைக்கு ஆள் வருவது மெல்ல நின்றது. அது திட்டுவதைவிட மோசம். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் நானும் போகவில்லை.

நாங்கள் விளைவித்தது பச்சை நிற மசூர். அதற்கு ஒரு குணம் உண்டு. நாளாக ஆகப் பழுப்பேறும். பழுப்பேறினால் தரம் இறங்கும், பிறகு மனிதர் தின்ன யாரும் வாங்க மாட்டார்கள். வசந்தத்துக்குள் விற்காவிட்டால் ஆலையை மூடவேண்டியதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆர்லிஸ், மைனஸ் முப்பது குளிரில், என் ஏணியைச் சாத்தி எட்டுக் களஞ்சியத்திலும் ஏறிக் குத்தூசியால் பயறு எடுத்துப் பார்ப்பாள். மூன்றாம் களஞ்சியத்திலிருந்து மட்டும் ஒரு பிடியை வெள்ளைச் சாஸரில் போட்டு, தேதி ஒட்டி, ஒரு டப்பாவில் மூடி வைப்பாள். மற்ற நேரமெல்லாம் கடிதம் எழுதினாள். மாநில வேளாண் துறையிடம் பட்டியல் வாங்கி அறுபது வியாபாரிகளுக்கு எழுதினாள். ஒரே ஒருவர் பதில் போட்டார். மெக்சிகோவில் புவெப்லாக்காரர், எவாரிஸ்தோ கிரோகா. பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் வந்த காலையில் ஆலையில் பட்டை அறுந்து, ஆர்லிஸ் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தாள். அங்கிருந்தே என்னிடம் கத்தினாள்.

"டேய் லோவெல், அவரைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டு. நான் மத்தியானம் வந்துடறேன்."

நானும் இன்னொரு விவசாயி ஆர்வின் டாண்டேயும் கூட்டிப் போனோம். எங்கே கூட்டிப் போனோம் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஏழாம் எண் களஞ்சியத்துக்கு. அதில் முக்கால்வாசி என் பயறு. ஆலங்கட்டி மழையில் அடிபட்டது, முன்பனியில் சுருங்கியது. நான் குத்தூசியை இறக்கி ஒரு பிடி எடுத்து அவர் கையில் போட்டேன்.

"இது பனியில சுருங்கிடுச்சுங்க," என்றேன். "கல்லும் கொஞ்சம் இருக்கும்."

ஆர்வின் தன் பங்குக்கு, "கனடாக்காரங்க பயறு இதைவிட நல்லா இருக்கும்னு சொல்றாங்க," என்றான்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டார் கிரோகா.

"ஏதோ இருக்குங்க," என்றேன். ஆலையிலேயே சிறந்த மூன்றாம் எண் களஞ்சியத்தைத்தான் அப்படிச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரனுக்கு அதைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியிருக்கும். அவரோ குறிப்பேட்டை மூடினார். வில்லிஸ்டனில் விமானம் எத்தனை மணிக்கு என்று மரியாதையாக விசாரித்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஆர்லிஸ் முகமெல்லாம் கிரீஸோடு கை துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் கை நீட்டினார்.

"சிரமம் கொடுத்துட்டேன் மேடம். கனடாப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எதைடா காட்டின?"

"ஏழாம் நம்பர்," என்றேன்.

"வேற?"

"அதுக்குள்ள அவரு போதும்னுட்டாரு."

"அட மடையா," என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. அவளும் அதைத்தான் செய்திருப்பாள் என்பது அவளுக்கே தெரியும். மாவட்டக் கண்காட்சியில் ஜாம் போட்டு முதல் பரிசு வாங்கியவள், அந்த நீல ரிப்பனை இருபது வருஷமாகக் காலுறைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தவள்.

"ஐயா, ஒரு அரைமணி நேரம் உக்காருங்க," என்றாள் அவரிடம். "பட்டினியோட அனுப்புற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

மின்னடுப்பில் மூன்றாம் களஞ்சியப் பயறை ஏற்றினாள். தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. அது வேகும்போது டப்பாவைத் திறந்து பதினான்கு சாஸரையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கடைசி இரண்டில்தான் லேசாக நிறம் மாறியிருந்தது, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"இருட்டுலயும் குளிர்லயும் வெச்சுக் காப்பாத்தினேன்," என்றாள். "வாராவாரம் நானே ஏறிப் பாத்தேன்." பிறகு நிறுத்தினாள். கழுத்திலிருந்து காது வரை பீட்ரூட் நிறமானாள். கதவருகே ஆறேழு விவசாயிகள் நின்றுகொண்டிருந்தோம். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தேவாலயத்தில் பாடும் அதே குரலில் உரக்கச் சொன்னாள்.

"இது நல்ல பயறு! ரொம்ப நல்ல பயறு! இதைவிட நல்ல பயறு கனடாவுல இல்ல, எங்கயும் இல்ல. இவங்க விளைய வைக்கிறதுல கெட்டிக்காரங்க. நான் பாதுகாக்கறதுல கெட்டிக்காரி!"

நாங்கள் எல்லோரும் பூட்ஸைப் பார்த்தோம். ஆர்வினுக்கு இருமல் வந்துவிட்டது. பொது இடத்தில் துணி அவிழ்ந்தவளைப் பார்த்ததுபோல எனக்குக் கூசியது. அதேநேரம், கடவுளே, எவ்வளவு பெருமையாக இருந்தது!

கிரோகா வெந்த பயறை ஸ்பூனில் எடுத்தார். தோல் பிரியாமல் முழுசாக வெந்திருந்தது. மென்றார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார். கிண்ணத்தைக் காலியாக்கினார்.

"இதை ஏன் காலையிலயே சொல்லல?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க ஊர்ல சொல்ல மாட்டோங்க," என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க சந்தையில ஒண்ணைப் பத்துன்னுதான் சொல்வாங்க. அதனால யாரு என்ன சொன்னாலும் பத்தால வகுத்துதான் கேப்பேன். உங்களை வகுத்துப் பாத்தேன், மிச்சமே இல்ல!"

மற்ற ஏழு களஞ்சியத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். ஏப்ரலில் ரயில்பெட்டிகள் வந்தன. முன்பு கிடைத்த விலை இல்லை, ஆனால் ஆலை மூடவில்லை, அடுத்த வசந்தத்தில் முப்பத்து நான்கு பேரும் மறுபடி விதைத்தோம். ஏழாம் எண் மட்டும் நாய்த்தீவனத்துக்குப் போனது. அதை இன்றுவரை பகடை மேஜையில் எனக்கு யாராவது ஞாபகப்படுத்துகிறார்கள்.

போன மாதம் ஆர்லிஸ் ஓய்வுபெற்றாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி, கேக். போதகர், யாராவது இரண்டு வார்த்தை பேசுங்களேன் என்றார். வழக்கம்போல எல்லோரும் கேக்கைப் பார்த்தோம். எனக்குக் காது சுட்டது. எழுந்துவிட்டேன்.

"அன்னைக்கு நான் மோசமானதை முதல்ல காட்டினேன்," என்றேன். "இன்னைக்கு நல்லதைச் சொல்லிடறேன். ஆர்லிஸ் மாதிரி ஒருத்தி இந்த மாவட்டத்துல பொறந்ததில்ல. நாங்க அவகூட காபி குடிக்கறதை நிறுத்தினப்பவும் அவ எங்க பயறுக்காக ஏணி ஏறினா. அந்தக் குளிர்காலத்துல நான் அந்த மேஜைக்கு வரல. மன்னிச்சிரு ஆர்லிஸ்."

அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆர்லிஸ் கழுத்திலிருந்து காது வரை சிவந்தாள். "உக்காருடா லோவெல், காபி ஆறுது," என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று கை வீசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் மறுக்கவில்லை. "ஆமா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏறினேன்."