புங்கமரத்துக்கு வரி

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கணும். அஞ்சாவதுக்கு மேலே நான் படிக்கவில்லை. மறதியும் வந்துவிட்டது, முன்னது பின்னது மாறிப்போகும்.

பட்டாபிராமில் ரயில் தண்டவாளத்தை ஒட்டின தெரு எங்களுடையது. வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு புங்கமரம். போன கோடைக்கு முன்னே ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. "வீட்டில் மரம் வளர்ப்பவர்களுக்கு வரி..." என்கிற வரைக்கும் காதில் விழுந்தது. அதற்குள் சென்ட்ரல் போகிற ரயில் வந்து மீதியைக் கொண்டுபோய்விட்டது. ஆட்டோவும் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது.

அவ்வளவுதான். மரத்துக்கு வரி போடப்போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

எதிர்வீட்டுக்காரி தன் மாமரத்தை வெட்டிப்போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "இன்னாக்கா, உங்க ஊட்ல இன்னும் வெட்டலியா? இன்னிக்கு மரத்துக்குக் கேப்பான், நாளைக்கு நெழலுக்கும் கேப்பான்!"

நான் சிரித்துவைத்தேன். எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது.

சில நாளில் தெரு மொட்டையாகிவிட்டது. இடம் போன காக்காய்கள் எல்லாம் எங்கள் மரத்துக்கு வந்து சேர்ந்தன. மத்தியானத்தில் அதுங்க ஓயாமல் கத்தும். அடுத்தது இதுதான் என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

மகனும் ஆளைக் கூட்டிவந்துவிட்டான். "வரியும் மிச்சம், கார் நிறுத்தவும் இடமாச்சும்மா" என்றான். மரம் வெட்டுகிறவர் ஏறிக் கயிறு கட்டினார். "வேணாம்ப்பா" என்றேன். "ஏம்மா?" என்றான். சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே முதல் கிளை விழுந்தது. குழந்தை வீறிட்ட மாதிரி ஒரு சத்தம். காக்காயாகத்தான் இருக்கும்.

மருமகள் என் கையைப் பிடித்தாள். "இன்னாத்தே, இங்க வந்து நிக்கிறீங்க?"

"அங்க உன் நாத்தனார் இருக்காம்மா" என்றேன்.

அவள் முழித்தாள். ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினோம். பிறகு மெல்லச் சொன்னேன். இவனுக்கு முன்னே ஒரு பெண் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அப்போது இங்கே சுற்றிலும் முள்ளுக்காடு. பச்சைக்குழந்தையை எரிக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் இங்கேயே குழி வெட்டிப் படுக்கவைத்து, நாய் தோண்டாமல் இருக்க மேலே புங்கங்கன்று நட்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. சித்திரையில் பூ உதிர்ந்து பொரி இறைத்த மாதிரிக் கிடக்கும், அதை மட்டும் பெருக்கமாட்டேன்.

மருமகள் வெளியே ஓடினாள். "அண்ணாத்தே, கயித்த அவுருங்க! எறங்குங்க!" விஷயம் தெரிந்ததும் அவர் இறங்கி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதல்லயே சொல்லக்கூடாதா ஆயா?" என்றார். மகன் விழுந்த கிளையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியிலேயே நின்றான்.

பிறகு வரி ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். மைக்கில் சொன்னது வரிச்சலுகையாம். மரம் வளர்த்தால் வீட்டு வரியில் குறைப்பார்களாம். எதிர்வீட்டுக்காரி மாமரத்து அடிக்கட்டையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் எங்கள் மரத்தைப் பார்த்து, எத்தனை வயசு என்று கேட்டாள்.

"எனக்கு அக்கா" என்றான் மகன்.

இப்போது வெள்ளிக்கிழமையில் மருமகள் அங்கே விளக்கு வைக்கிறாள். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். எனக்கு நினைவில்லை. கேட்க வீட்டுக்காரரும் இல்லை. மிதித்துவிடுவேனோ என்று அந்தப் பக்கம் கால் வைக்கவே பயமாக இருக்கிறது.

அந்தச் சலுகை பழைய மரத்துக்கும் உண்டா, புதுக் கன்றுக்கு மட்டுமா என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்து, நான் எழுதினதைத் திருத்திவிடுங்கள். நான் தப்பாக எழுதி இன்னொரு தெருவில் மரம் விழக்கூடாது.