கம்ப்யூட்டருக்குக் கொடுத்த ஃபேன்

வசந்தி அக்கா போய்விட்டார். நேற்று காலை, தூக்கத்திலேயே.

அவர் மகள் ரம்யா போன் செய்து "அங்கிள், அம்மா..." என்றாள். கொச்சி இடப்பள்ளியில் என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு மட்டாஞ்சேரிக்குக் கிளம்பினேன்.

இங்கே பலருக்கு அக்காவைத் தெரியாது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு குடோனுக்கு மேலே இருந்த டிடிபி சென்டரில் டைப் செய்துகொண்டிருந்தவர். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர், தமிழ்க் குடும்பம். ஊருக்கெல்லாம் வசந்தி சேச்சி. எனக்கு மட்டும் அக்கா.

2000-களின் தொடக்கம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து கலூரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்திருந்தேன். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டில் மட்டாஞ்சேரி போவேன்.

அக்காவின் கம்ப்யூட்டர் தினமும் மதியத்துக்கு முன்னால் தானாக ஆஃப் ஆகும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வரும்... மறுபடி போகும். நான் ராம் மாற்றிப் பார்த்தேன், பவர் சப்ளை மாற்றிப் பார்த்தேன், கடைசியில் ஃபார்மேட்டும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. வசந்தி உட்கார்ந்தால் மட்டும்தான் நிற்கிறது, ஏதோ தப்பாக அழுத்துகிறாள் என்று என் முன்னாலேயே சொன்னார். கோர்ஸ் முடித்த வேறு ஒரு பெண்ணை வரச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. கணவர் விட்டுப் போய், கைக்குழந்தையோடு அந்த ஒரு சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடு அது.

அன்றைக்குத்தான் எனக்கு ப்ராசஸர் சூடு ஞாபகம் வந்தது. கேபினட்டைத் திறந்தால், அந்தச் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் முழுக்கத் தூசி, கம்பளி மாதிரி. கீழே குடோனில் மிளகும் சுக்கும் கொட்டும்போதெல்லாம் பலகைத் தரை இடுக்கு வழியாக மேலே வந்த தூசி.

யோசிக்காமல் ப்ளோயரை வைத்து ஊதிவிட்டேன்... அவ்வளவுதான். முதலாளி, அக்கா, நான், கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வந்தவர், எல்லோரும் தும்முகிறோம். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ப்ராசஸருக்குப் பேஸ்ட் புதிதாகத் தடவி, அதன் மேலிருந்த குட்டி ஃபேனையும் மாற்றிப் போட்டேன். ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் ஏறியதும் சூடும் ஏறியது. அந்த ரூமில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன், அக்கா பக்கத்தில். நான் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஃபேனை எடுத்து அதன் பக்கம் திருப்பினேன்.

சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை.

அக்காவுக்கு வேலை நிலைத்தது. எனக்கு சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்தார். பெரிய ஹீட்சிங்க் கொண்டுவந்து போடுகிறேன் அக்கா, அதுவரைக்கும் ஃபேன் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டு மறந்தேன். அடுத்த வேலை, அடுத்த கடை, ஆலுவா, கலூர் என்று ஓட்டம்.

மறு வருஷக் கோடையில் பிரிண்டர் பார்க்கப் போனபோது, ஃபேன் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. தலை திரும்பாமல் இருக்க நூல் வைத்துக் கட்டியிருந்தார்கள். அக்கா கழுத்தில் ஈரத் தோர்த்துத் துண்டு, முதுகு முழுக்க வியர்வை. அப்படியே டைப் செய்துகொண்டிருந்தார்.

என்னக்கா இது என்றேன்.

"எனக்கு வேர்த்தா தொடச்சுக்கலாம் தம்பி. அதுக்கு வேர்த்தா நின்னுபோகும்ல்லே."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் இத்தனை வருஷமாக என்னை விடவில்லை.

மறுநாளே ஹீட்சிங்க் கொண்டுபோய் மாட்டினேன். மூடியைப் போட்டு, சூடு ஏறவில்லை என்று ஸ்க்ரீனில் காட்டி, நூலை அறுத்து, ஃபேனை அக்கா பக்கம் திருப்பினேன். முன்நெற்றி முடி பறக்க, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார்.

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஃபேனை மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் தம்பி. நல்லா ஓடிட்டிருக்கு. எதுக்கு வம்பு..."

அந்தப் பயத்தைக் கழற்ற என்னிடம் டூல் இல்லை. அந்த சென்டர் மூடும்வரை ஃபேன் அப்படியேதான் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சமீப வருஷங்களில் அவ்வப்போது அக்காவிடமிருந்து போன் வரும். "லாப்டாப்ப மெத்தை மேல வெச்சுப் படிக்கிறா, சூடாகும்னு நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டா, கேட்டோ தம்பி." ரம்யாவிடம் சொல்வேன். அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னதில்லை. அந்த ஃபேன் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

நேற்று அந்தச் சின்ன வீட்டில் நல்ல கூட்டம், புழுக்கம். ரம்யா அழுது களைத்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் எழுந்து, பக்கத்திலிருந்த ஃபேனை என் பக்கம் திருப்பினாள்.

வேண்டாம்மா என்று அவள் பக்கமே திருப்பி வைத்தேன். அவள் மறுபடி திருப்பினாள்.

"உங்களுக்கு வேர்க்குது அங்கிள். எங்க வேலைய காப்பாத்துனவருன்னு அம்மா எப்பவும் சொல்லும்."

காற்று என் மேலேயே வந்துகொண்டிருந்தது. அவள் புறங்கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போய் வாருங்கள் வசந்தி அக்கா. இனி எதுவும் நின்றுபோகாது... ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.