அமைதியான கடல் என்று நான் எழுதியது

8.10.2023 எனத் திகதியிட்ட கடிதம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. கம்பளையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியது. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாள், நீல மை, ஒரு பக்கம். “பெர்முடா முக்கோணம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வெட்டி வைத்திருக்கிறேன். அதில் ஏழாவதாக வரும் கப்பலில் என் கணவர் சமையற்காரராக இருந்தார். அன்று கடல் அமைதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிச்சயமா? மகளின் கலியாண அழைப்பிதழ் அச்சகத்தில் நிற்கிறது.”

அழைப்பிதழ் ஏன் நின்றது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். பெண்ணின் பெற்றோர் பெயர் மேலே வரும். தகப்பன் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு அதைப் போட்டால் அபசகுனம். இறந்தவருக்குப் போடாவிட்டால், தாலி கட்டுமுன் தகப்பன் எங்கே என்று கோவில் வாசலிலேயே கேட்பார்கள். கப்பல் காணாமற்போனபோது மகளுக்கு ஆறு மாதம். கலியாணம் பேசும்போது இருபத்தாறு வயது. இடைப்பட்ட எந்த நவம்பரிலும், கத்தோலிக்கர்கள் இறந்தோர் பெயர்களை எழுதிப் பங்குக்கோவிலில் கொடுக்கும் உறையில் ஆசிரியை அவர் பெயரை எழுதியதில்லை.

அந்தக் கட்டுரையைக் கண்டியில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்காக எழுதினேன். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய வெளிநாட்டுச் சஞ்சிகைகள்தான் ஆதாரம். திசைகாட்டி அங்கே தடுமாறும் என்ற கருத்து, கடலடியிலிருந்து பொங்கும் வாயு நீரின் அடர்த்தியைக் குறைத்துக் கப்பலை இறக்கிவிடும் என்ற கருத்து, தனியாக எழும் பேரலை என்ற கருத்து, கடைசியில் வேற்றுக்கிரகவாசிகள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, காணாமற்போன கப்பல்களையும் விமானங்களையும் திகதி வரிசையில் தந்திருந்தேன். ஒவ்வொரு திகதியையும் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். காலநிலையை ஓரிடத்திலும் ஒப்பிடவில்லை. சஞ்சிகை ‘அமைதியான கடல்’ என்றது. நானும் அப்படியே எழுதினேன்.

பிற்காலத்தில் வாசித்தபோதுதான் அந்தப் பட்டியல்களின் குணம் தெரிந்தது. முக்கோணத்துக்கு வெகு தூரத்தில் மூழ்கியவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள். புயலில் போனவற்றை வெயிலில் போனதாக எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுத, மர்மம் அச்சிலேயே வளர்ந்திருக்கிறது. அதில் ஒரு கை என்னுடையது என்று அந்தக் கடிதம் வரும்வரை நான் நினைத்ததில்லை.

அந்தக் கப்பலைப் பற்றித் தேடிப் பார்க்கும்படி லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகனிடம் சொன்னேன். அவன் ஒரு நூலகத்தில் பழைய கப்பற் செய்தித்தாள்களைப் பார்த்து, இரண்டு பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினான். அவற்றை அச்செடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை காலை, ஆசிரியை வரச் சொன்னபடி, கண்டி டவுனில் இருந்த அந்த அச்சகத்துக்குப் போனேன். ஆசிரியை எனக்கு முன்பே வந்து கதிரையில் இருந்தார். அச்சக முதலாளி அக்குறணை முஸ்லிம். மாதிரித்தாள் மேசையில் கிடந்தது. தகப்பன் பெயருக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

“இந்தக் கிழமை சொல்லாட்டி எனக்கு மிஷின்ல ஏத்த ஏலா டீச்சர்,” என்றார் முதலாளி. என்னைப் பார்த்து, “நீங்கதானா சேர் அந்த முக்கோணம்? நம்மட பக்கத்திலயும் ஒண்டு ஈக்கி. அக்குறணை, கம்பளை, பல்லேகல. இந்தக் கடைல மறந்துட்டுப் போற குடையெல்லாம் அதுக்குள்ளதான் போற.”

“ஒங்க கடையில குடுத்த ஓடரும் அதுக்குள்ளதான் போகுது,” என்றார் ஆசிரியை.

முதலாளி விடவில்லை. இலங்கைக்குத் தெற்கே கடல் பள்ளமாக இருப்பதாக யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்திருந்தார். பள்ளம் இருப்பது உண்மை. அங்கே ஈர்ப்பு குறைவு, கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வு பல நூறு மைலுக்குப் பரந்திருப்பதால் மேலே போகும் கப்பலில் எவருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும், “அப்ப கப்பல் விழாதா?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் சொல்லப் போனார்.

நான் முதற் பக்கத்தை ஆசிரியையிடம் கொடுத்தேன். கப்பலின் கடைசிச் செய்தி பெர்முடாவுக்கு வெகு வடக்கே, நியூபவுண்ட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தது. ஏற்றியிருந்தது இரும்புத்தாது. அன்றிரவு அங்கே கடும் புயல். தாது ஏற்றிய கப்பலின் சரக்கறைக்குள் தண்ணீர் புகுந்தால் மூழ்கச் சில நிமிடங்கள்தான்.

“அப்ப அமைதியா இருக்கல.”

“இல்ல டீச்சர். நான் பார்க்காம எழுதிட்டேன்.”

“அந்த ஒரு வரிக்குத்தான் நான் கோடு போட்டு வச்சிருந்தேன் சேர். காத்து மழை இல்லன்னா படகுல எறங்கியிருப்பாரு, யாராச்சும் ஏத்தியிருப்பாங்கன்னு.” தாளை மேசையில் வைத்தார். “மத்ததெல்லாம் நான் நம்பல. வேற்றுக்கிரகம் அது இதெல்லாம்.”

இரண்டாம் பக்கத்தைக் காட்டாமல் விட்டிருக்கலாம். ஒரு முறை பாதியை மட்டும் பார்த்து எழுதியதன் பலன் எதிரே இருந்ததால் காட்டினேன். கடைசித் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது கப்பலில் இருபத்திரண்டு பேர் என்று ஒரு செய்தி. தொலைந்தவர்கள் இருபத்தொரு பேர் என்று கப்பல் உரிமையாளரின் அறிவித்தல். பெயர்ப் பட்டியல் இரண்டிலும் இல்லை.

அவர் இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “ஒருத்தர் படகுல எறங்கிட்டாரா?”

“இருக்கலாம். அச்சுப் பிழையாவும் இருக்கலாம்.”

முதலாளி தேநீருடன் வந்து நின்றார். கோப்பைகளை மாதிரித்தாளிலிருந்து தள்ளி வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரு எந்தத் தொறமுகத்துல எறங்குனாலும் மொதல்ல தபால் கந்தோருதான் தேடுவாரு,” என்றார் ஆசிரியை. “மகளுக்குப் பேரு வச்சதே கடிதத்துல. அந்த ஒருத்தர் அவரா இருந்தா இத்தன வருஷத்துல ஒரு வரி வந்திருக்கும்.” பின்பு மாதிரித்தாளை முதலாளி பக்கம் தள்ளினார். “காலஞ்சென்றன்னு போடுங்க பாய். எழுத்து மத்ததவிடச் சின்னதா வேணாம். அதே அளவுல போடுங்க.”

கலியாணத்துக்குப் போனேன். அழைப்பிதழ் இந்தக் கடிதத்தோடு அதே கோப்பில் இருக்கிறது. நவம்பர் உறையில் பெயர் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. கட்டுரையின் ஏழாம் பதிவைத் திருத்தி வாசகர் வட்டத்துக்கு அனுப்பினேன். இடமும் காலநிலையும் இப்போது சரி. கப்பலில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேரா, இருபத்தொரு பேரா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. அந்த இடத்தில் இரண்டு எண்களையும் எழுதி, ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று குறித்திருக்கிறேன்.