எட்டு விரலை வைத்துக்கொண்டு பத்து எண்ணிய ஸ்டுடியோ

பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். நான் போனது தொழிற்பேட்டைக்கு. பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை, திருச்சியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் நான், ஒற்றைத் தோள்பையோடு கிளம்பினேன். காரணம் குணசீலன். டிவியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களை இயக்குகிறவர். அவருடைய பழைய தொடர் ஒன்றைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியிருந்தேன். அதன் கீழே அவரே வந்து, "பாண்டிச்சேரி வந்தா ஸ்டுடியோவுக்கு வாங்க டீச்சர்" என்று பின்னூட்டம் போட்டார். மரியாதைக்குச் சொல்வதை நிஜமென்று எடுத்துக்கொள்வது என் பிறவிக் குணம்.

காலை 5 மணிக்குத் திருச்சியில் விழுப்புரம் பஸ். நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம், 175 ரூபாய். 8.40க்கு விழுப்புரம். ஒரு டீ, இரண்டு வடை. அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி, டவுன் வரை போகாமல் ரெட்டியார்பாளையத்திலேயே 10.10க்கு இறங்கிவிட்டேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"எந்த கம்பெனிங்க? சோப்பா, தகரமா?" என்றார் டிரைவர்.

"கார்ட்டூன்."

"அது இன்னா மெஷின்ல செய்றாங்க?"

எனக்கும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பிஸ்கட் டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கும் ஒரு கம்பெனியின் மாடியில்தான் ஸ்டுடியோ இருந்தது. கீழே 'டம்' என்று ஒரு மூடி விழும்போதெல்லாம் மாடிப்படி லேசாக அதிர்ந்தது.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாகப் பதினொரு பேர், ஆளுக்கொரு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பல்லைக் காட்டினார், ஒருவர் அழுதார், ஒருவர் மூக்கைச் சுளித்து மூன்று முறை தும்மினார். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க மேடம், வேலைதான் செய்றாங்க. மூஞ்சி எப்பிடிப் போவுதுன்னு பாத்துதான் வரையணும்" என்றார் ஒரு அம்மாள். ஜோஸ்பின். ஸ்டுடியோவின் நிர்வாகம் மொத்தமும் அவர் கையில். தொடரில் வரும் நண்டுக்குக் குரல் கொடுப்பதும் அவரே. உள்ளே திரும்பி, பிரெஞ்சில் 'ஐயா' போட்டு, "முசியே குணா, உன் டீச்சர் வந்துட்டாங்க" என்று கத்தினார்.

குணசீலனுக்கு ஐம்பது வயதிருக்கும். மில் தொழிலாளியின் மகன். சென்னைக்குப் போய், வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஆறு வருடம் இடைப்படம் வரைந்திருக்கிறார். ஒருத்தன் கையைத் தூக்க ஆரம்பிப்பதையும் தூக்கி முடிப்பதையும் வேறு யாரோ வரைந்துவிடுவார்கள். நடுவில் கை மேலே போகும் பத்துப் படம் இவருடையது. பிறகு உதவி இயக்குநர், பிறகு மூன்று தொடர்களுக்கு இயக்குநர். எல்லாம் அடுத்தவர் யோசித்த கதை, அடுத்தவர் கம்பெனி. "கடைசியில ஓடுற பேர்ல என் பேரும் வரும். எங்கம்மா கண்ணாடி எடுத்துப் போடறதுக்குள்ள போயிடும்" என்றார். நான்கு வருடம் முன்பு ஊருக்குத் திரும்பி இந்த ஸ்டுடியோவைத் தொடங்கியிருக்கிறார்.

நான் போன நாள் சாதாரண நாள் இல்லை. அவரே யோசித்து உருவாக்கிய முதல் தொடரின் முதல் பாகத்தைப் பார்க்கச் சேனல் அதிகாரி மாலை நான்கு மணிக்கு வருகிறார். பிடித்தால் இருபத்தாறு பாகம். பிடிக்காவிட்டால் இந்தப் பதினொரு பேரும் திங்கட்கிழமை வேறு இடம் தேட வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் டீ டம்ளரை மூன்று முறை இடம் மாற்றி வைத்தார்.

"முதல் ஆளா நீங்க பாருங்க டீச்சர்" என்று என்னை உட்கார வைத்தார். தேனு என்கிற ஆறு வயதுப் பெண், கிள்ளு என்கிற நண்டு, உப்பங்கழி. பதினொரு நிமிடம். அவ்வளவு அழகு. கடைசிப் பாட்டில் தேனு விரல் விட்டுப் பத்து வரை எண்ணினாள்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதினேழு வருடமாகத் திருத்தியே பழகிய வாய், இருக்கவில்லை.

"சார், தேனுவுக்கு எட்டு விரல்தானே இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். "கார்ட்டூன்ல கைக்கு நாலுதான் டீச்சர். ஒரு விரல் கொறஞ்சா எத்தினி வேலை கொறையும் தெரியுமா? நான்தான் அப்பிடி வைக்கச் சொன்னேன்" என்றார் குணசீலன்.

"சரி. அப்ப எப்படிப் பத்து எண்ணுனா?"

கீழே ஒரு மூடி 'டம்' என்றது. பதினொரு பேரும் தங்கள் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தால், நான்கு வரை சரியாக விரல் நீட்டிய தேனு, 'ஐந்து' என்றதும் கையை மொத்தமாக ஆட்டியிருக்கிறாள். அடுத்த கையை வேறொருவர் செய்திருக்கிறார். அவரும் அப்படியே ஆட்டிவிட்டார். ஐந்து மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாள் முழுக்க நாலு விரல் கையையே வரைகிறவர்களுக்கு அதுதான் முழுக் கை.

"எண்ணத் தெரியாதவ எண்ணச் சொல்லிக் குடுக்குறா" என்றார் குணசீலன், நாற்காலியில் உட்கார்ந்து. ஐந்தாவது விரலைச் சேர்த்தால் பதினொரு நிமிடத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். மணி 11.35. எனக்கு அடுத்த பஸ்ஸில் ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஜோஸ்பின்தான் என்னிடம் திரும்பினார். "உங்க கிளாஸ்ல விரல் பத்தலன்னா பிள்ளைங்க இன்னா பண்ணுங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளையோட விரலைப் புடிச்சு எண்ணும்."

குணசீலன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். திரையில் தேனுவின் பக்கத்தில் கிள்ளு நின்றிருந்தது, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு. "ரெண்டு!" என்று கத்தினார். "ஜோஸ்பின், ரெண்டு இருக்குது!"

பிறகு நடந்தது ஓட்டம். இருக்கிற உருவங்களைக் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி ஆட்டினால் போதுமாம். ஆனால் குரல் புதிதாக வேண்டும், தகர மெஷின் ஓடும்போது பதிவு செய்ய முடியாது. கீழே சாப்பாட்டு இடைவேளை 12.30 முதல் 1.15 வரை. மெஷின் நின்றதும் ஜோஸ்பின் மைக்கோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, "ஒம்பது! பத்து!" என்று நண்டுக் குரலில் கத்தினார். முதல் முறை கீழே யாரோ டிபன் பாக்ஸ் மூடியைத் தவறவிட்டார்கள். அடுத்த முறை எனக்குச் சிரிப்பு வந்து கெட்டது. என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் முடித்தார்கள்.

4.10க்கு அதிகாரி வந்தார். முகத்தில் எதுவும் காட்டாத பெண்மணி. பாட்டில் தேனு எட்டு வரை எண்ணிவிட்டு, விரல் தீர்ந்துபோய்த் திருதிருவென்று விழித்தாள். கிள்ளு ஒரு கொடுக்கை நீட்டியது: ஒம்பது. இன்னொன்று: பத்து. அதிகாரி அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். பார்த்தார். "ஹெட் ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனார். அவர் கார் போன பிறகும் குணசீலன் மாடிப்படியிலேயே நின்றார்.

அன்று ரெட்டியார்பாளையத்தில் ஒரு லாட்ஜ், 900 ரூபாய், தூக்கம் இல்லை. ஞாயிறு காலை நோணாங்குப்பம் படகுத் துறைக்கு ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர், 250 ரூபாய். போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், பத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. பாரடைஸ் கடற்கரைக்குப் போய்வரப் படகு, அன்று 300 ரூபாய். தொப்பி அவசியம், மணலில் நிழல் குறைவு. ஸ்டுடியோ மாதிரி இடங்களுக்குப் போன் செய்துவிட்டுப் போங்கள். போனால், பார்த்ததைப் பாராட்டுங்கள், எண்ணாதீர்கள்.

11.20க்கு, மணலில் நடந்துகொண்டிருந்தபோது போன்.

"டீச்சர், ஓகே ஆயிடுச்சு. இருபத்தாறும்." என்றார் குணசீலன். "ஒரே ஒரு கண்டிஷன். எல்லா எபிசோடுலயும் நண்டு வரணுமாம். அது இல்லாம வேணாமாம்."

"நல்லதுதானே சார்?"

"எட்டுக் காலு, ரெண்டு கொடுக்கு டீச்சர்! அத்த நடக்க வைக்கறதுக்குள்ள உசுரு போவும்னுதான் ரெண்டே சீன்ல வச்சேன். ஒரு விரல மிச்சம் புடிக்கப் போயி இதுல வந்து மாட்டிக்கினேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்று மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தண்ணீர் பாட்டில் விற்கிறவர் பதறி ஓடி வந்தார். "இன்னாங்க, பர்ஸு தொலைஞ்சிடுச்சா?"

"இல்லீங்க" என்றேன். "ஒரு நண்டுக்கு வேலை கெடச்சிருக்கு."