கொலுவுக்கு அம்மாவை அழைத்த கதை

மகளுக்குப் பிரசவம் ஆகி, அவளுக்கு ஒத்தாசையாக என் மனைவி கடல் கடந்து போய் நாலு மாதம் ஆகிறது. நிஜமாகவே ஒத்தாசைக்குத்தான், இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். தனியாக இருந்து இருந்து நான் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம். ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது என்பதை நான் சொல்லவில்லை. கடைசியில், என் பிறந்தநாளுக்கு என்று ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டி என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மொட்டை மாடிக் கூடம். பத்துப் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு என்னுடைய சில சட்டைகளைவிட வயது குறைவு. அன்றைய பாடம், சொந்த அனுபவம் ஒன்றை நாயகனின் பயணமாக எழுதுவது. ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கட்டங்கள். சாதாரண வாழ்க்கை, அழைப்பு, தயக்கம், வழிகாட்டி, சோதனைகள், குகை என்று வரிசையாகப் போய், அமுதத்தோடு வீடு திரும்புவதில் வட்டம் முடிகிறது.

"எல்லார் வாழ்க்கையிலயும் இப்படி ஒரு பயணம் இருக்கும் சார். யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். எனக்கு வலப்பக்கம் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றி எழுத ஆரம்பித்து, கல் அதற்குள் மூன்றாவது கட்டத்துக்கு இறங்கிவிட்டது. என் வாழ்க்கையில் பயணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் நான் பெரும்பாலும் பெட்டி தூக்கி வந்தவன். நாயகனாகக் கிளம்பியது ஒரே ஒரு தடவை. அப்போது வயது பத்து. தூரம், மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூர் வரை.

முதல் கட்டம் சாதாரண வாழ்க்கை. அந்த வருஷம் ஜூன் மாதத்திலிருந்து அம்மா வீட்டில் இல்லை. நங்கநல்லூரில் மாமாவுக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தரப்பட்ட அறிக்கை. சனிக்கிழமைகளில் அடுத்த வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, படிச்சியா, எண்ணெய் தேச்சுண்டியா. மூன்றுக்கும் சேர்த்து ஒரு 'ம்' சொல்வேன். அந்த வீட்டு மாமி பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒரு கட்டுக் கீரைக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்பது இப்போது புரிகிறது. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை, அப்பாவின் அக்கா, வந்திருந்தாள். அப்பா கணக்கு வாத்தியார். பேச்சில் எப்போதுமே சிக்கனம். அம்மா போன பிறகு அதையும் குறைத்துக்கொண்டார்.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. அத்தை பரணிலிருந்து பொம்மைகளை இறக்கி ஐந்து படி கட்டினாள். அம்மா இருந்தால் ஏழு. கொலு வைத்தால் அக்கம்பக்கத்துப் பெண்களை வெற்றிலை பாக்குக்கு அழைக்க வேண்டும். அழைப்பது வீட்டுக் குழந்தைகளின் வேலை. குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய், சிமிழை நீட்டி, ஒரு வாக்கியத்தை ஒப்பிக்க வேண்டும். பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தைகள் இதைச் செய்யும்போது அழகாக இருக்கும். எங்கள் வீட்டில் பெண் குழந்தை கிடையாது. ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு நான் போவேன். அழகாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அத்தை சொல்லச் சொல்ல, அழைக்க வேண்டிய வீடுகளை அப்பா ஒரு தாளில் எழுதினார். அத்தையின் கையெழுத்து அத்தைக்கே விளங்காது என்பதால் இந்த ஏற்பாடு. பத்தொன்பது பெயர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அம்மா இல்லை.

"அம்மாவைக் கூப்பிட வேண்டாமா அத்தை?"

"நன்னாருக்குடா. அவாத்துக்கு அவளையே கூப்பிடுவாளா யாராவது?"

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. முந்தைய வருஷம் தெருமுனை வீட்டுக் கொலுவுக்கு அம்மா போகவில்லை. அந்த வீட்டு மாமி காய்கறிக் கடையில் பார்த்தபோது போகிற போக்கில் வரச் சொன்னாளாம். "நேர்ல வந்து, குங்குமம் குடுத்துக் கூப்பிடாத ஆத்துக்கு எந்த மூஞ்சியை வச்சுண்டு போறது?" என்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு மாதமாக அம்மாவை யாரும் நேரில் போய்க் கூப்பிடவில்லை. அதனால் அவள் வரவில்லை. இவ்வளவு எளிய காரணம் பெரியவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டேன். இன்றைக்கும் அந்த முடிவில் பெரிய தப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தயக்கம் என்ற கட்டத்துக்கு என்னிடம் நிறையச் சரக்கு உண்டு. மறுநாள் காலை நாலு வீடுகளை ஒழுங்காக அழைத்தேன். ஐந்தாவது வீட்டுக்குப் போகாமல் லஸ் முனைக்குப் போய், பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை ஒரு பஸ் எனக்கு நேராக வந்து நின்றுவிட்டது. ஏறாவிட்டால் அதற்கு அவமானமாக இருக்கும் போலிருந்தது.

நடத்துநர் என்னையும் வேட்டியையும் பார்த்தார். "இன்னாடா, தனியாவா வந்துகீற? கையில இன்னாது?"

"குங்குமம்."

"எந்தக் கோயிலு?"

"கோயில் இல்லை. எங்கம்மா."

அவர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை, டிக்கெட்டும் கேட்கவில்லை. தி.நகரில் இறக்கிவிட்டு, மாம்பலம் ரயிலடி இருக்கும் திசையைக் கையால் காட்டினார்.

வழிகாட்டி என்ற கட்டத்தில் தாடி வைத்த பெரியவர் யாராவது வரவேண்டும் என்று வகுப்பில் எதிர்பார்த்தார்கள். எனக்கு வாய்த்தது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாள். மடியில் கூடை. சிமிழையே பார்த்துக்கொண்டு வந்தாள். யாராவது சிமிழைப் பார்த்தால் நீட்டிவிட வேண்டும் என்பது என் பயிற்சி. நீட்டி, வாக்கியத்தையும் ஒப்பித்தேன். "எங்காத்துல கொலு வச்சிருக்கோம். அவசியம் வந்து வெத்தலை பாக்கு வாங்கிண்டு போகணும்."

"எனுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "என்னியும் ஒரு ஆளா கூப்ட்டியே கண்ணு. எங்க போற?"

"நங்கநல்லூருக்கு. எங்கம்மாவைக் கூப்பிட. எங்காத்துக் கொலுவுக்கு."

அவள் ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். "இத்த அம்மாவாண்ட குடு. பழவந்தாங்கல் வந்துட்ச்சு, எறங்கிக்க. பாத்துப் போ."

எனக்குக் கிடைத்த உபதேசம் இவ்வளவுதான். ஆனால் ரயில் நிலையத்தின் பெயரைச் சரியாகச் சொன்ன குருமார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மாமா வீட்டுக்கு நடக்கிற வழி எனக்குத் தெரியும். நோயாளியான மாமா வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். வண்டிதான் உடம்பு சரியில்லாதது போல இருமியது. என்னைப் பார்த்ததும் உதைப்பதை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்து அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் வந்தது ஒரு காரியமாக; முறைப்படி செய்யாவிட்டால் அழைப்பு செல்லாது. நிலைப்படிக்கு வெளியே நின்று சிமிழை நீட்டி, வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

அம்மா குங்குமத்தை எடுக்கவில்லை. "தனியாவாடா வந்தே?" என்று கேட்டாள். அப்புறம், "அத்தை அனுப்பினாளா?"

"இல்லை."

"பின்னே யாரு கூப்பிடச் சொன்னா?"

நான் மட்டும்தான் என்று சொன்னால் அழைப்புக்கு எடை போதாது என்று பட்டது. அதனால் உண்மையையே சொன்னேன்.

"அப்பாதான் லிஸ்ட் எழுதிக் குடுத்தா."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடி இல்லாமலேயே சரியான இடத்தில் இட்டுக்கொண்டாள். எனக்குச் சாதம் போட்டாள். சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, லிஸ்ட் எழுதும்போது அப்பா என்ன சொன்னார், எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள். சட்டை நினைவில்லை, ஆனாலும் நீலம் என்றேன். மூன்று மணி சுமாருக்குத் தலை வாரி, மல்லிகையை வைத்துக்கொண்டாள். அவளுடைய பட்டுப்புடவைகள் எல்லாம் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தன. மாமியின் அரக்குப் பட்டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலில் ஒரு தடவை சிரித்தாள். எதற்கென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

வகுப்பில் நான் எழுதிக் காட்டியது இதுவரைதான். அந்தப் பெண் கடைசிக் கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள். "சூப்பர் சார். அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டீங்க." தாளில் அதற்கு மேல் இடமும் இல்லை. நாயகன் வீடு திரும்பிய பிறகு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்குக் கட்டம் ஒதுக்கப்படவில்லை.

அம்மா எங்கள் வீட்டுக்குள் இருந்த கடைசி ஒன்றரை மணி நேரம் அது.

கதவைத் திறந்த அத்தை அப்படியே நின்றாள். காலையிலிருந்து நான் பத்தொன்பது வீடுகளை அழைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள் பாவம். "வா. வா, உள்ள வா" என்றாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வருகிறவர்களுக்கென்று சுருட்டி வைத்திருந்த ஜமக்காளத்தை உதறி விரித்தாள். அம்மா அதில் உட்கார்ந்தாள்.

நான் உள்ளறைக்கு ஓடினேன். அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கொலு நாட்களில் சாயங்காலம் கூடம் பெண்களுடையது. அப்பா உள்ளறையை விட்டு வருவதில்லை.

"அப்பா, அம்மா வந்திருக்கா."

சிவப்புப் பேனா நின்றது. "யாரு கூப்பிட்டா?"

"நான்தான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். "ஓ. நீ கூப்பிட்டு வந்தாளா" என்றார். விடைத்தாளை மறுபடி இழுத்துக்கொண்டு, "சரி, போ. வந்தவாளைக் கவனி."

கவனித்தேன். மாமிகள் வந்தார்கள், அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, மறுபடி வேறு பேச்சு ஆரம்பித்தார்கள், சுண்டலையும் வெற்றிலை பாக்கையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா போகவில்லை. கொலுவுக்கு வந்தவர்களைப் பாடச் சொல்வது வழக்கம். அத்தை வழக்கத்தை விடாதவள். "ஒரு பாட்டுப் பாடேன்" என்றாள். அம்மா எப்போதும் சன்னமாகத்தான் பாடுவாள். அன்றைக்கு உள்ளறை வரை கேட்கிற மாதிரி பாடினாள். உள்ளே தாள் புரட்டும் சத்தம் நின்றது. பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அம்மா தண்ணீர் கேட்டாள். அத்தை சமையலறைக்குப் போய், அம்மாவின் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் இரண்டு கூட்டம் வந்து போயிற்று. கடைசியில் அம்மா எழுந்தாள். அத்தை வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி, எல்லாம் வைத்து நீட்டினாள். அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள்.

எங்கள் வாசல் குறுகல். ஒருவர் வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். மாடி வீட்டு மாமியும் அவள் பெண்களும் படியில் வந்து நின்றிருந்தார்கள். அம்மாவின் செருப்பில் மாட்டுவதற்கு வார்கூடக் கிடையாது. காலை நுழைத்தால் போதும். அவள் ஒரு காலை நுழைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளறையில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அம்மா தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். சத்தம் அதோடு நின்றது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். எனக்கானால் படியில் நிற்கிறவர்களைப் பற்றிக் கவலை. கவனிக்கச் சொல்லியிருந்தார்களே.

"அம்மா, கொஞ்சம் நகந்துக்கோயேன். அவா உள்ள வரணும்."

அம்மா என் தலையைத் தொட்டுவிட்டு, இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்துக்கொண்டு இறங்கினாள். நான் மாடி வீட்டு மாமிக்குக் குங்குமத்தை நீட்டினேன். கொலு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாளைக்கும் போய்க் கூப்பிட்டால் நாளைக்கும் வந்துவிடப் போகிறாள், இதற்குப் போய் ஒரு செருப்பை மாட்ட இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி ஜமக்காளத்தைச் சரியாக இழுத்துவிட்டேன்.